பால்மரமும் பங்குச் சந்தையும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, நிரையில் பால் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சற்று ஓய்ந்திருக்க வேண்டிய இந்நேரத்தில் நீங்கள் இம்மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகையால் வீண் பேச்சுப் பேசி உங்கள் நேரத்தைப் போக்க நான் விரும்பவில்லை. "பங்குச் சந்தையில் எங்களைப் போன்றவர்கள் பணம் போடலாமா, கூடாதா?" என்னும் கேள்விக்கு விடை சொல்லுமாறு உங்கள் தோட்டச் செயலவையினர் கேட்டுக்கொண்டனர். கூட்டம் தொடங்குமுன் இளைஞர்கள் சிலர் தங்கள் கைப்பேசியில் வந்திருந்த செய்திகளையும் எனக்குக் காட்டினார்கள். ஆயிரம் வெள்ளி போட்டால் ஒரே வாரத்தில் மூவாயிரம் வெள்ளி என்று ஒரு செய்தி கூறுகிறது. அதைப் பற்றி உரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். முதலில் பங்கு என்பது யாது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம்.

ஒரு தோட்டத்தில் பத்தாயிரம் பால்மரங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனை முழுவதும் வாங்கும் வசதி ஒருவரிடமும் இல்லை. ஆகவே பத்தாயிரம் பேர் கூடி, ஆளுக்கு ஒரு மரத்தின் விலையைச் செலுத்தி அதனை வாங்குகின்றனர். எந்த மரம் யாருடையது என்று பிரிப்பதில்லை. முழுத் தோட்டத்திலும் பத்தாயிரத்தில் ஒரு பாகம் அவரவருக்கு உரியது. இதுவே பங்கு. ஆண்டு முடிவில் கூலி, உரம், வரி முதலிய செலவுகள் போக மிஞ்சும் இலாபத்தில் ஒரு பகுதியைக் கம்பெனி பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கும். அது இலாப ஈவு எனப்படும். இடையில் ஒருவருக்குப் பணத் தேவை ஏற்பட்டால், தம் பாகத்தை வேறொருவருக்கு விற்றுவிடலாம். அவ்வாறு விற்பதற்கும் வாங்குவதற்கும் சட்டப்படி அமைந்த இடம் பங்குச் சந்தை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பங்குதாரருக்கு இரண்டு வழிகளில் பணம் வரலாம். ஒன்று, மரம் தரும் பாலால் வருவது. மற்றொன்று, தம் பாகத்தை வாங்கிய விலைக்கு மேல் விற்பதால் வருவது. பாலை நிறுத்துப் பார்க்கலாம். விலையோ, இன்னொருவர் எவ்வளவு தர முன்வருகிறார் என்பதைப் பொறுத்தது. அவர் ஏன் தர முன்வருகிறார் என்பது சில வேளைகளில் அவருக்கே தெரியாது.

இதனை ஏதோ நமக்கு அந்நியமான கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் பாட்டன்மார் காடழித்து நட்ட தோட்டங்களின் பங்குகள், அவர்கள் கண்ணால் காணாத நகரங்களில் கைமாறி வந்தன. 1910ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டனில் ஓர் இராத்தல் இரப்பரின் விலை பன்னிரண்டு ஷில்லிங் ஒன்பது பென்ஸ் வரை ஏறியது. உடனே இரப்பர்க் கம்பெனிகள் மழைக்காலக் காளான்களைப் போல் முளைத்தன. இலண்டனில் மட்டுமா? சீனாவின் ஷாங்காய் நகரிலும் மலாயாத் தோட்டங்களின் பெயராலும் டச்சுக் கிழக்கிந்தியத் தோட்டங்களின் பெயராலும் டஜன் கணக்கில் கம்பெனிகள் பங்கு விற்றன. வியாபாரிகளும் உத்தியோகத்தர்களும் குடும்பப் பெண்களும் கடன் பட்டும் அவற்றை வாங்கினர். அக்கம்பெனிகள் பலவற்றின் நிலத்தில் கன்றுகள் அப்பொழுதுதான் நடப்பட்டிருந்தன. சிலவற்றில் காடே வெட்டி முடியவில்லை. நட்டு ஆறேழு ஆண்டுகள் செல்லாமல் மரத்தில் கத்தி வைக்க முடியாது என்பது இம்மண்டபத்தில் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஷாங்காயில் பணம் கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும், மரம் பால் தருமுன் பங்கை அதிக விலைக்கு வேறொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று எண்ணினர்.

சில மாதங்களில் இரப்பர் விலை சரிந்தது. ஜூலை மாதத்தில் ஷாங்காயின் வட்டிக்கடைகளும் சீன வங்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. சிச்சுவான் மாநிலத்து மக்களிடம் இரயில் பாதை அமைப்பதற்காகத் திரட்டிய பணத்தில் ஒரு பகுதியும் இந்தப் பங்குச் சூதில் மூழ்கிப்போயிற்று. மறு ஆண்டில் அம்மாநிலத்தில் எழுந்த இரயில்வேக் கிளர்ச்சி, சீனப் பேரரசு வீழ்வதற்கு ஒரு காரணமாக அமைந்தது. மலாயாவின் கன்று மரங்கள் எங்கோ ஓர் அரச குலத்தை அசைத்துப் பார்த்தன என்றால் அது வியப்புத்தானே!

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7ஆம் நாள் காலை, இலண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், நம் நாட்டின் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கிக் குவித்து, பாதிக்கு மேற்பட்ட பங்குகளுக்கு உரிமை பெற்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வெள்ளையர் வசம் இருந்த கம்பெனி, காலையுணவு வேளைக்குள் மலேசியாவுக்கு உரியதாயிற்று. பின்னர் 2007ஆம் ஆண்டில் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்றும் ஒன்றாயின. அதன் தோட்டப் பிரிவு 2017இல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, 2024இல் எஸ்டி கத்ரி என்னும் பெயர் பெற்றது. பங்கு என்பது வெறும் சூதாட்டம் என்று சொல்வோரும் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும். பங்கு என்பது உரிமை. அதனால்தான் அதற்கு விலை இருக்கிறது.

நம் நாட்டில் பொதுமக்கள் பங்கு வாங்கி விற்பது 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் மலாயாப் பங்குச் சந்தையின் வழி முறையாகத் தொடங்கியது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவாக இருந்த சந்தை 1973இல் இரண்டாகப் பிரிந்தது. கோலாலம்பூர்ச் சந்தைக்கு 2004 முதல் புர்சா மலேசியா என்று பெயர். வரலாறு இவ்வளவு போதும்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

என் தந்தையார் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பால் வெட்டியவர். 1993ஆம் ஆண்டு அவருக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்து, ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பணத்தை முன்பணமாகக் கட்டிப் பட்டணத்தருகே ஒரு மலிவு விலை வீடு வாங்குவது அவர் எண்ணம். நான் அப்பொழுது பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அவ்வாண்டில் கோலாலம்பூர்ச் சந்தை கொதித்துக் கொண்டிருந்தது. டாக்சி ஓட்டுநர் முதல் ஆசிரியர் வரை தரகர் கடைகளில் நின்று விலைப் பலகையைப் பார்த்துக் கொண்டிருந்தனர். நண்பர் ஒருவர் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, அதற்குப் பெரிய அரசாங்கக் குத்தகை வரப்போவதாக இரகசியமாகக் கூறினார். கம்பெனியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அது என்ன தொழில் செய்கிறது என்று கூட நான் கேட்கவில்லை.

"அப்பா, மூன்றே மாதம். முன்பணம் முழு விலையாகிவிடும்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ படித்தவன். உனக்குத் தெரியும், ஐயா" என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அக்காலத்தில் ஆயிரம் பங்குகளைக் கொண்டது ஒரு லாட். நான்கு வெள்ளி இருபது காசு வீதம் இரண்டு லாட் வாங்கினேன். எண்ணாயிரத்து நானூறு வெள்ளி! பத்தே நாளில் விலை ஐந்து வெள்ளியைத் தாண்டியது. அப்பொழுது விற்றிருக்கலாம். ஏறுகிற பங்கை எவன் விற்பான் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். 1994 ஜனவரி முதல் வாரத்தில் சந்தைக் குறியீடு 1,314 புள்ளிகளைத் தொட்டுவிட்டுச் சரியத் தொடங்கியது. இறங்குகிற பங்கை நட்டத்துக்கு எவன் விற்பான் என்று அடுத்து சொல்லிக் கொண்டேன். 1997இல் தாய்லாந்து நாணயத்தில் தொடங்கிய நெருக்கடி ஆசியா முழுவதையும் உலுக்கியது. 1998 செப்டம்பர் 1ஆம் நாள் நம் குறியீடு 262 புள்ளிகளுக்கு விழுந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே நான் என் இரண்டு லாட்டையும் முப்பத்தெட்டுக் காசு வீதம் விற்றிருந்தேன். எழுநூற்று அறுபது வெள்ளி.

என் பெற்றோர் அதன்பின் பல ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தனர். தந்தையார் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இதில் நான் செய்த பிழைதான் என்ன? பங்கு வாங்கியதா? அன்று. நல்ல கம்பெனிகளின் பங்கை வைத்திருந்தவர்களும் அந்நெருக்கடியில் கலங்கித்தான் போயினர். ஆனால் 1998 முடிவதற்குள்ளாகவே குறியீடு 586 புள்ளிகளுக்கு மீண்டது. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது ஆயிரத்தைக் கடந்தது. தேவையில்லாத பணத்தைப் போட்டிருந்தவர்கள் காத்திருந்து முதலை மீட்டனர். நான் வாங்கிய கம்பெனியோ மீளவேயில்லை. பின்னர் சந்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. வீட்டுக்கென்று ஒதுக்கிய பணத்தை, ஒரே கம்பெனியில், பிறர் சொல்லைக் கேட்டுப் போட்டேன். கன்று நட்டிருக்கிறதா என்று கூடப் பார்க்காத ஷாங்காய் வியாபாரிக்கும், பால்மரத்தடியில் வளர்ந்த எனக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று.

"நல்ல கம்பெனியை வாங்கிப் பொறுமையாகக் காத்திருந்தால் நட்டமே வராது" என்று சிலர் சொல்வர். அதுவும் முழு உண்மை அன்று. ஆசியாவிலேயே பெருஞ்செல்வ நாடாக விளங்கிய ஜப்பானின் தோக்கியோ சந்தைக் குறியீடு 1989ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் 38,915 புள்ளிகளைத் தொட்டது. அந்த உயரத்தை அது மீண்டும் எட்டியது 2024 பிப்ரவரியில்! முப்பத்து நான்கு ஆண்டுகள். ஐம்பத்தைந்து வயதில் வாங்கிய ஒருவர் எண்பத்தொன்பது வயது வரை காத்திருக்க வேண்டும். ஹாங்காங்கில் 1973 மார்ச் மாதம் 1,774 புள்ளிகளில் இருந்த குறியீடு, மறு ஆண்டு டிசம்பரில் 150 புள்ளிகளுக்கு வந்தது. நூறு வெள்ளி எட்டரை வெள்ளியானதற்கு ஒப்பு. 1985 டிசம்பரில் சிங்கப்பூரில் பான் எலக்ட்ரிக் கம்பெனி முறிந்தபோது, சிங்கப்பூர்ச் சந்தையும் கோலாலம்பூர்ச் சந்தையும் மூன்று நாட்கள் கதவடைத்தன. அந்த மூன்று நாட்களில் மருத்துவச் செலவுக்கோ பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கோ பங்கை விற்க நினைத்தவர் என்ன செய்திருப்பார்?

ஆகவே நம்மவர்கள் முதலில் எண்ண வேண்டியது, எதை வாங்கலாம் என்பதையன்று. எந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்பதையே.

ஊழியர் சேமநிதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் இக்கூட்டத்தில் ஐம்பதைக் கடந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். மாதந்தோறும் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கும் பணம் பெட்டியில் பூட்டி வைக்கப்படுவதில்லை. சேமநிதி வாரியம் அதனை அரசாங்கக் கடன் பத்திரங்களிலும், உள்நாட்டு வெளிநாட்டுப் பங்குகளிலும் முதலீடு செய்கிறது. நம் நாட்டின் பெருங்கம்பெனிகள் பலவற்றில் அது பங்குதாரர். எனவே பங்குச் சந்தையில் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டரை விழுக்காட்டுக்குக் குறையாத இலாப ஈவு வழங்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. தரகர் எவரும் உங்களுக்கு அவ்வாறு எழுதித் தரமாட்டார்.

ஐம்பத்தைந்து வயதானதும் பணம் முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். என் தந்தையாரும் அவ்வாறே எண்ணினார். இன்றைய விதிப்படி அப்படி யாதொரு கட்டாயமும் இல்லை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டு வைக்கலாம். அதற்கு நூறு வயது வரை இலாப ஈவு சேர்ந்து கொண்டே இருக்கும். பணம் கைக்கு வந்த செய்தி பரவியதும் யார் யார் உறவு கொண்டாடி வருவார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். எடுக்காத பணத்தைக் கடன் கேட்பது கடினம்!

அடுத்து, அமானா சாகாம் மலேசியா. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிடப்பட்ட இத்திட்டத்தை, சற்றுமுன் நான் சொன்ன பெர்மோடாலான் நேஷனல் நிறுவனத்தின் துணை நிறுவனம் நடத்துகிறது. ஒரு யூனிட்டின் விலை எப்பொழுதும் ஒரு வெள்ளி. பலருடைய சிறு தொகைகளைத் திரட்டி, அறிந்தவர்கள் பல கம்பெனிகளில் முதலீடு செய்து, ஆண்டுதோறும் ஈவு வழங்குகின்றனர். ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். இவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டி உறுதி கூற இயலாது. 2009இல் இத்தகைய மற்றொரு திட்டம் தொடங்கப்பட்டபோது, யூனிட்டுகளில் நூற்றுக்குப் பதினைந்து பாகம் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்டது. பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கான ஒதுக்கீடு சில வேளைகளில் தீர்ந்துவிடும். ஆதலால் வங்கியில் ஒருமுறை விசாரித்துவிட்டு 'இல்லையாம்' என்று திரும்பி வந்துவிடாமல், மீண்டும் சென்று கேளுங்கள்.

கூட்டுறவுப் பங்கு வேறு, சந்தைப் பங்கு வேறு என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும். வெள்ளையர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுச் சென்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டந்தோட்டமாகச் சென்று பேசினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டித் தொழிலாளர்கள் உறுப்பினரானார்கள். அப்பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாக வாங்கப்பட்டது. கூட்டுறவுப் பங்கு நாள்தோறும் ஏறி இறங்குவதில்லை. உறுப்பினருக்கு எத்தனை பங்கு இருப்பினும் ஒரே வாக்கு. இதனால் கூட்டுறவு என்னும் பெயர் கொண்ட எல்லாமே நல்லவை என்று எண்ணிவிடலாகாது. 1986இல் பொதுமக்களிடம் வைப்புத் தொகை திரட்டிய இருபத்து நான்கு கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டன. தங்கள் பணத்துக்காகத் தவித்தவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கணக்கறிக்கையைப் படிக்காமல் எதிலும் பணம் போடாதீர்கள்.

இவையெல்லாம் போக, ஐந்தாண்டுக்குத் தொடத் தேவையில்லாத ஒரு தொகை உங்களிடம் மிஞ்சுகிறது, சந்தையில் நேரடியாகப் பங்கு வாங்க விரும்புகிறீர்கள் என்றால், அது தவறன்று. உரிமம் பெற்ற தரகு நிறுவனத்தில் உங்கள் பெயரிலேயே சிடிஎஸ் என்னும் மத்திய வைப்புக் கணக்கைத் திறக்க வேண்டும். அக்கணக்கில்தான் பங்குகள் பதிவாகும். இக்காலத்தில் நூறு பங்குகளைக் கொண்டது ஒரு லாட். ஆகவே சிறு தொகையிலும் தொடங்கலாம். ஆனால் தரகர் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள். எவ்வளவு சிறிய வாணிபமாயினும் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது பத்து வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம். நூறு வெள்ளிக்கு வாங்கி, பின் விற்றால் இருபது வெள்ளி கட்டணமாகவே போய்விடும். பங்கு நூற்றுக்கு இருபது ஏறினால்தான் உங்கள் முதலே திரும்பும். அடிக்கடி வாங்கி விற்பவரால் பிழைப்பவர் தரகரே. கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, சீட்டெடுத்தோ பங்கு வாங்கவே கூடாது. விலை இறங்கினாலும் வட்டி இறங்காது.

வெளிநாட்டுச் சந்தைகளில் வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வாங்க வழியுண்டு. ஆனால் அங்கே பங்கு விலையுடன் நாணய மாற்று விலையும் சேர்ந்து ஆடும். நம் சட்டத்தின் பாதுகாப்பும் அங்கே முழுதாக எட்டாது. 1998இல் சிங்கப்பூரின் குளோப் சந்தை வழியாக மலேசியப் பங்குகளை வைத்திருந்த ஏறத்தாழ ஓர் இலட்சத்து எழுபத்திரண்டாயிரம் பேரின் பங்குகள் முடங்கிப் போயின. பெரும்பாலோர் சிங்கப்பூரின் சாதாரண மக்கள். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. எல்லைக்கு அப்பால் விதி மாறியது, அவ்வளவே. முதல் பங்கை நம் நாட்டிலேயே வாங்கிப் பழகட்டும் என்பது என் கருத்து.

இனி அந்தக் கைப்பேசிச் செய்திக்கு வருவோம். அந்தக் குழுவில் நூற்றுக்கணக்கானோர் தினமும் இலாபம் பெற்றதாக எழுதுகின்றனர். புகழ்பெற்றவர்களின் படங்களும் அதில் உள்ளன. முதலில் இருநூறு வெள்ளி போட்டவருக்கு முந்நூறு வெள்ளி திரும்பி வந்தது என்றும் கேள்விப்பட்டேன். அது தூண்டிலில் கோத்த இரை. பெருந்தொகை போட்டபின் எடுக்க முயன்றால், "வரி கட்டு, கட்டணம் கட்டு" என்று மேலும் பணம் கேட்பார்கள். பணத்தை யார் கணக்கில் போடச் சொல்கிறார்கள் என்று அந்த இளைஞரைக் கேட்டேன். ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்கு! உரிமம் பெற்ற தரகு நிறுவனம் எதுவும் தனி ஆளின் கணக்கில் பணம் போடச் சொல்லாது. 1993இல் அமைக்கப்பட்ட பங்குப் பத்திர ஆணையம், அதாவது மலாயில் சுருஹன்ஜாயா செக்குரித்தி, உரிமம் பெற்றவர்களின் பட்டியலையும், எச்சரிக்கைக்கு உரியவர்களின் பட்டியலையும் தன் இணையத் தளத்தில் வெளியிட்டுள்ளது. பணம் போடுமுன் இரண்டையும் பாருங்கள். போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டுக் கொண்டு இருக்க வேண்டாம். தாமதியாமல் 997 என்னும் எண்ணை அழைத்து மோசடித் தடுப்பு மையத்துக்குத் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. உங்கள் வீட்டு வெட்கத்தைவிடப் பெரிய வெட்கத்தை நான் இப்பொழுது இம்மேடையில் சொல்லிவிட்டேன் அல்லவா?

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா ஒருவர், அடுத்த மாதம் தம் கணவருக்கு ஐம்பத்தைந்து வயது நிறைகிறது என்றும், மருமகன் சொல்வதைக் கேட்டுப் பணம் முழுவதையும் எடுத்துப் பங்கு வாங்கலாமா என்றும் கேட்டார். அம்மா, முதலில் மருமகனை இங்கே அழைத்து வாருங்கள். அவர் சொல்லும் கம்பெனியின் ஆண்டறிக்கையையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அது என்ன தொழில் செய்கிறது, சென்ற ஐந்தாண்டுகளில் எவ்வளவு இலாபம் ஈட்டியது, எவ்வளவு கடன் பட்டிருக்கிறது என்னும் மூன்று கேள்விகளை நான் கேட்கிறேன். அதற்குள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்கள் கணவரும் நீங்களும் கணக்குப் போட்டு வையுங்கள்.

சேமநிதிக் கணக்கறிக்கை வைத்திருப்பவர்கள் அதனை எடுத்துக்கொண்டு கிராணியாரின் மேசைக்கு வரலாம். ஒவ்வொருவரோடும் அமர்ந்து பார்த்துவிட்டுத்தான் இன்று புறப்படுவேன்.